கென்டக்கியில் 1780களில் நிலம்: ஜிஎல்ஓ தளத்தில் பெயரே வரவில்லை, உதவுங்கள்

கொலம்பஸ் மருமகள்:
வணக்கம். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். என் மாமியார் இந்த நாட்டுக்காரர், வயது 84. அவருடைய முன்னோர் ஒருவர் 1780களில் கென்டக்கியில், ஹாரட்ஸ்பர்க் பக்கம் சால்ட் ஆற்றங்கரையில் 400 ஏக்கர் வைத்திருந்தாராம். பிள்ளைகள் காலத்தில் ஒஹாயோவுக்கு வந்துவிட்டார்கள். கண் தெரியும்போதே ஒரு காகிதமாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார் அத்தை. மத்திய அரசின் ஜிஎல்ஓ (ஜெனரல் லேண்ட் ஆபீஸ், பொது நில அலுவலகம்) தளத்தில் ஒரு வாரமாகத் தேடுகிறேன். அந்தப் பெயரில் கென்டக்கி நிலம் எதுவுமே கிடைக்கவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

வேர்தேடி:
பெயரின் எழுத்தை மாற்றிப் பாருங்கள். அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள். ஒரே பத்திரத்தில் ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன்.

பழைய பத்திரம்:
எழுத்தை எத்தனை மாற்றினாலும் அங்கே கிடைக்காது சகோதரி. ஜிஎல்ஓ தளத்தில் இருப்பவை மத்திய அரசு விற்ற, கொடுத்த நிலங்களின் ஆவணங்கள். 1785 சட்டப்படி ஆறு மைல் சதுரமாக, 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்களாக அளந்ததெல்லாம் அந்த வகை. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. அங்கே நிலம் கொடுத்தது வர்ஜீனியா, பிறகு கென்டக்கி மாநிலம். டென்னசியும் ஜிஎல்ஓவில் வராது.

நீங்கள் போக வேண்டிய இடம் கென்டக்கி மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பிரிவு. பழைய வர்ஜீனியா கிராண்ட்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு நிலத்துக்கு வாரன்ட் (இத்தனை ஏக்கர் பெறலாம் என்ற அனுமதிச் சீட்டு), என்ட்ரி (எந்த இடம் என்று பதிவது), சர்வே (அளந்த குறிப்பு), கிராண்ட் (அரசு நிலத்தை எழுதிக்கொடுப்பது) என்று நான்கு படி உண்டு. கிராண்ட்தான் நம் ஊர்க் கணக்கில் மூலப்பத்திரம். அதோடு நின்றுவிடாதீர்கள், முன்னால் உள்ள மூன்றில்தான் குடும்பக் கதை இருக்கிறது.

400 என்ற எண்ணையும் கவனியுங்கள். 1778 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்கு 1779 சட்டம் கொடுத்த அளவு அது. ஒட்டினாற்போல் இன்னும் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமையும் உண்டு. ஆனால் வாரன்ட்டைக் கைமாற்றி விற்கலாம். காசு கொடுத்து வாங்கியதாகவும் இருக்கலாம் என்பதால் வாரன்ட் எந்த வகை என்று பாருங்கள்.

கொலம்பஸ் மருமகள்:
கிடைத்துவிட்டது! வாரன்ட் வேறொருவர் பெயரில் இருக்கிறது, பிறகு நம் ஆளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 1778-க்கு முன்பே வந்தவர் என்று சொல்ல முடியாது, இல்லையா? சர்வேயில் "வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே 120 போல்" என்கிறார்கள், அது எவ்வளவு தூரம்? சங்கிலி பிடித்தவர்கள் என்று இரண்டு பெயரும் இருக்கிறது.

அளவுக்கல்:
ஒரு போல் 16.5 அடி, நாலு போல் ஒரு சங்கிலி. நம் ஊர் சர்வேயர் பிடித்த அதே 66 அடி, 100 லிங்க் சங்கிலிதான். ஆக 120 போல் என்றால் 1,980 அடி.

சங்கிலி பிடித்தவர்களை விட்டுவிடாதீர்கள். காட்டுக்குள் கூலிக்கு ஆள் ஏது? பெரும்பாலும் மைத்துனர், பக்கத்து நிலத்துக்காரர், வளர்ந்த மகன்தான்.

பழைய பத்திரம்:
ஆமாம், வாரன்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வரிப் பட்டியலில் எந்த ஆண்டு முதல் பெயர் வருகிறது என்று பாருங்கள். கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல்லையும் மாறிக்கொண்டே இருந்தது. 1780-ல் அந்தப் பகுதி லிங்கன் கவுன்டி, 1780களின் நடுவில் அதிலிருந்து மெர்சர் பிரிந்தது, 1842-ல் பாய்ல். மூன்றிலும் தேடுங்கள்.

எழுதி வைக்கும்போது ஒரு வரி சேருங்கள்: பூர்வகுடிகளான ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடிய நிலம் அது. கிராண்ட்டில் பெயர் இருப்பவர் அந்த நிலத்தின் முதல் ஆள் அல்ல.

கொலம்பஸ் மருமகள்:
கட்டாயம் சேர்க்கிறேன். சங்கிலி பிடித்த ஒருவரின் குடும்பப் பெயரை வாசித்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டியின் பைபிளில் அதே குடும்பப் பெயர் இருக்கிறதாம்! முன்னோரின் மனைவி அந்தக் குடும்பத்துப் பெண்ணாக இருக்குமோ? அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

பழைய பத்திரம்:
ஒஹாயோவுக்குப் போகும் முன் கென்டக்கி நிலத்தை விற்றிருப்பார்கள். கவுன்டி அலுவலகத்தில், எழுதிக்கொடுத்தவர் பெயர் வரிசையில் அந்தக் கிரயப் பத்திரத்தைத் தேடுங்கள். மனைவிக்கும் நிலத்தில் பங்குரிமை உண்டு என்பதால், அவரைக் கணவன் இல்லாத இடத்தில் தனியாக அழைத்து, மனமொப்பித்தான் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டுப் பதிவார்கள். அந்தக் குறிப்பில் அவர் பெயர் இருக்கும்.