லில்லியின் அறிவுரையும் நாங்கள் இருவரும் படித்த விதமும்

லிசா சீ எழுதி 2005-இல் வெளிவந்த ‘ஸ்னோ ஃப்ளவர் அண்ட் தி சீக்ரெட் ஃபேன்’ நாவலை, என் கல்லூரித் தோழி தான் படித்து முடித்த பிரதியாகவே எனக்கு அனுப்பிவைத்தாள். பக்க ஓரங்களில் அவள் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகளையும் சேர்த்தே நான் படித்ததால், அவளோடு விவாதித்துக்கொண்டே வாசித்த உணர்வு எனக்கு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனாவின் ஹூனான் மாகாணத்துத் தென்பகுதியில் நிகழும் கதை இது. எண்பது வயதான லில்லி, 1903-இல், தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறாள். உழவர் வீட்டுப் பெண்ணான அவளுக்கும், உயர்ந்த குடும்பத்தவளாக அறிமுகமாகும் ஸ்னோ ஃப்ளவருக்கும், பாதங்கள் வளராமல் சிறிதாகவே இருக்கும்படி அவற்றைத் துணியால் இறுகக் கட்டத் தொடங்கும் ஏழு வயதிலேயே ‘லாவோதொங்’ என்னும் வாழ்நாள் நட்பைத் திருமணத் தரகர் ஒருத்தி முடித்துவைக்கிறாள். பாதம் கட்டுவதை விவரிக்கும் பக்கங்களைப் பலரும் பேசுகிறார்கள்; லில்லியின் தங்கை அதனாலேயே இறந்துபோவது என்னையும் உலுக்கியது. ஆயினும் நாவலின் உயிர், அந்த இருவரும் ஒரு விசிறியின் மடிப்புகளில் மாறி மாறி எழுதிக்கொள்ளும் ‘நூஷு’ எழுத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நூஷு கற்பனையன்று. ஹூனானின் ஜியாங்யோங் பகுதிப் பெண்கள் தங்களுக்குள் வழங்கிவந்த, அவ்வூர்ப் பேச்சின் ஒலிகளைக் குறிக்கும், மெலிந்து சாய்ந்த எழுத்துமுறை அது. மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு மூன்றாம் நாளில் தோழியரும் உறவுப் பெண்களும் பிரிவுப் பாடல்கள் எழுதிய துணி அட்டைப் புத்தகங்களை அனுப்புவார்கள். அவளது மறைவுக்குப் பின் அவற்றை எரிப்பதும் உடன் புதைப்பதும் வழக்கமாக இருந்ததால், பழைய பிரதிகள் அரிதாகவே எஞ்சியுள்ளன. பழைய முறையில் அதைக் கற்றவர்களில் கடைசியானவர் எனக் கருதப்படும் யாங் ஹுவான்யி 2004-இல் காலமானார். நாவல் அதற்கடுத்த ஆண்டில் வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது.

தோழியும் நானும் மாறுபட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனப் பேரரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சிக்குப் பிந்தைய பகுதியில். கட்டிய பாதங்களோடு மலைக்குத் தப்பியோடி, குளிரிலும் பசியிலும் ஒன்றாகக் கிடந்து, கசாப்புக் கடைக்காரனான கணவனிடம் ஸ்னோ ஃப்ளவர் அடிபடுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், கணவனுக்கு அடங்கி நட, இன்னும் ஆண் பிள்ளைகளைப் பெற்றுக்கொள் என்றே லில்லி அவளுக்கு எழுதுகிறாள். “இவளை மன்னிக்கவே முடியாது” என்று தோழி அந்தப் பக்கத்தில் அழுத்தி எழுதியிருந்தாள். பெரிய வீட்டு மருமகளாக உயர்ந்துவிட்ட லில்லி, தன்னை உயர்த்திய விதிகளே தோழியையும் காப்பாற்றும் என்று மனதார நம்புகிறாள் என நான் படித்தேன். அன்பில்லாததால் அவள் அப்படி எழுதவில்லை; அவள் தாய் அவளுக்குக் கற்றுக்கொடுத்த அன்பே வலியைக் கொடுத்துக் காப்பது என்பதாக இருந்தது. பின்னர் ஒரு கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஊர்ப் பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் ஸ்னோ ஃப்ளவரின் அந்தரங்கங்களைப் பழியாகப் பாடுவதை மட்டும் என்னாலும் ஏற்க இயலவில்லை. அங்கே பேசுவது அன்பன்று, அவளது அந்தஸ்தின் செருக்கு.

தோழி இன்னமும் இரண்டையும் ஒரே குற்றமாகவே பார்க்கிறாள். இந்த நாவலைப் படித்தவர்கள் அந்த அறிவுரைக் கடிதத்தை எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதினால், அவளுக்கும் அனுப்பிவைப்பேன்.