பாட்டில் நேராக உடைய மாட்டேன் என்கிறது, அவசர உதவி

மொட்டைமாடி:
வணக்கம். காலி பாட்டிலை வெட்டி விளக்குக் கூடு செய்யலாம் என்று இறங்கினேன். வீடியோவில் காட்டியபடிதான் எல்லாம் செய்தேன். விரிசல் மட்டும் கோட்டில் போகாமல் அடிப்பக்கம் இறங்கி ஓடிவிடுகிறது. ஞாயிறு தங்கை வீட்டு கிரகப்பிரவேசம், அதற்குள் வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

ஆரஞ்சுமிட்டாய்:
என்ன பாட்டில்? எந்த வீடியோ?

மரப்பட்டறை:
கண்ணாடி கட்டரால் கீறினீர்களா, நூல் கட்டிக் கொளுத்தினீர்களா, வெந்நீரா? அதைச் சொல்லாமல் எதை வைத்துப் பதில் சொல்வது?

கரண்ட்கம்பி:
ஐஸ் போதவில்லை, அவ்வளவுதான். ஐஸில் கல்லுப்பு போட்டு முக்குங்கள், படக்கென்று வரும்.

பழையஇரும்பு:
இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கண்ணாடியில் சூடு சீக்கிரம் பரவாது. சுட்ட இடம் விரியும், பக்கத்து இடம் விரியாது, அந்த இழுபறியில்தான் உடைகிறது. எங்கே உடைய வேண்டும் என்று கீறல் சொல்ல வேண்டும். இது எட்டாம் வகுப்பு அறிவியல்.

மொட்டைமாடி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கட்டிக் கொளுத்தி, ஐஸ் தண்ணீரில் முக்கினேன். கீறல் எதுவும் போடவில்லை. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருந்தேன்.

பழையஇரும்பு:
ஸ்கெட்ச் பேனா. சரி.

ஆரஞ்சுமிட்டாய்:
பாட்டில் வட்டமா, தட்டையா என்று இன்னும் சொல்லவில்லையே?

மொட்டைமாடி:
தட்டை. ரம் குவார்ட்டர் பாட்டில். மாமா உபயம்.

மரப்பட்டறை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. தட்டை பாட்டிலில் மூலை ஒரு தடிமன், பக்கம் ஒரு தடிமன். சூடு ஒரே சீராக ஏறாது, விரிசல் மூலைக்கு வந்ததும் திரும்பிவிடும். வட்ட பாட்டிலுக்கு மாறுங்கள், ஸ்குவாஷ் பாட்டில் போதும்.

நூலை விடுங்கள். மண்ணெண்ணெய் புகையும் கரியும்தான் தரும். அதன் ஒரு சொட்டை கண்ணாடி கட்டரின் சக்கரத்துக்கு விடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை. எல் வடிவில் இரண்டு பலகை அடித்து, கட்டரை அசையாமல் பொருத்தி, பாட்டிலை மட்டும் உருட்டுங்கள். ஒரே சுற்று. சர்ர்ர் என்று மெல்லிய சத்தம் விடாமல் வர வேண்டும். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அழுத்தம் அதிகம். தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் கட்டரும் போச்சு, பாட்டிலும் போச்சு.

அப்புறம் கீறல் மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே சுற்றுங்கள், அடுத்து குழாய்த் தண்ணீர். மாற்றி மாற்றிச் செய்தால் தானாகக் கழன்று கையில் வரும். ஐஸ் வேண்டாம், அதிர்ச்சி அதிகமானால் கீறலை விட்டுவிட்டு எங்காவது ஓடும்.

கரண்ட்கம்பி:
நான் ஐஸில்தான் செய்கிறேன், எனக்கு வருகிறது.

பழையஇரும்பு:
உங்களுக்கு வரும். அவருக்கு வரவில்லை என்றுதானே இழையே.

ஊட்டிக்குளிர்:
குவார்ட்டர் பாட்டிலை ஏன் வெட்ட வேண்டும்? எங்கள் நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் கடையில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய்.

கரண்ட்கம்பி:
அந்த 10 ரூபாய் வாங்கும்போது நம்மிடமே கூடுதலாகப் பிடித்ததுதானே. இதில் என்ன பெருமை?

ஊட்டிக்குளிர்:
பெருமைக்கு இல்லை. காட்டில் எறிந்த பாட்டில் யானை காலைக் கிழிக்கிறது என்றுதான் உயர் நீதிமன்றம் வரை போனது. நாலு விளக்கு செய்தால் காடு சுத்தமாகிவிடுமா?

ஆரஞ்சுமிட்டாய்:
கோலி சோடா குடித்தால் பாட்டிலை வைத்துவிட்டுத்தானே நகர்வோம்? அதை யாரும் திட்டம் என்று சொன்னதில்லை.

கரண்ட்கம்பி:
சோடாக்காரர் அங்கேயே நின்று பார்ப்பார். ஃபுல் வாங்கியவனை யார் பின்தொடர்வது?

மரப்பட்டறை:
அரசியலை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ஓரத்தைச் சும்மா விடாதீர்கள், கையைக் கிழிக்கும். சமதளமான டைல்ஸ் மேல் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் 120 நம்பர் தாள், அடுத்து 220, கடைசியில் நைசான 400. உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வராது. உள்ளே எல்.ஈ.டி. பல்பு மட்டும் போடுங்கள், குண்டு பல்பு வேண்டாம்.

மொட்டைமாடி:
ஸ்குவாஷ் பாட்டிலில் வந்துவிட்டது. நன்றி அண்ணா.

ஆரஞ்சுமிட்டாய்:
படம்? ஓரம் தேய்த்தாயிற்றா?

ஊட்டிக்குளிர்:
ஃபுல் வாங்கியவனைப் பின்தொடர வேண்டாம் சார். பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கிறது, 10 ரூபாய்க்காக அவனே வருவான், இல்லாவிட்டால் பொறுக்குகிறவர் எடுத்து வருவார்.