டிசம்பரில் ஊட்டிக்குக் குடிமாற்றம்: என்ன உடுத்துவது, அறை எத்தனை டிகிரி இருக்கணும்?

வைகைக்கரை:
வணக்கம். டிசம்பர் முதல் வாரம் மதுரையிலிருந்து ஊட்டிக்குக் குடி போகிறோம். நான், மனைவி, 3 வயசுப் பையன், 70 வயசு அம்மா. இங்கே ஏசியை 26-ல் வைத்தாலே அம்மா போர்வை கேட்பார், பையன் அதை உதைத்துத் தள்ளுவான். போனில் பார்த்தால் ஊட்டிக்கு 'அதிகபட்சம் 20, குறைந்தபட்சம் 6' என்று காட்டுகிறது. ஆளுக்கு ஒரு தடி ஜெர்கின் வாங்கினால் போதுமா? வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருந்தால் அம்மாவுக்குச் சரி? ஆபீசுக்கு பைக்கில் 7 கி.மீ. போகணும். வீடு இன்னும் முடிவாகவில்லை. காந்தல் பக்கம் பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். பள்ளத்து வீட்டுக்கு வாடகை குறைவு.

கேத்திக்காரர்:
ஜெர்கின் அப்புறம், முதல்ல வீடு. மேட்டு வீட்டையே எடுங்க.

மேகமில்லாத, காத்தடிக்காத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காத்து கனமாகி, சரிவில் தண்ணி மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் புல்லு வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். போன் 3 காட்டும்போதே புல்லில் உறைபனி இருக்கும். போன் சொல்வது ஆள் உயரத்துக் காத்தோட கணக்கு, தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். கொஞ்சம் மேலே ஏறினால் ராத்திரி சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். கிழக்கே பார்த்த ஜன்னல் இருந்தால் காலையில் 8 மணிக்கெல்லாம் வெயில் உள்ளே வந்துவிடும். வாடகை மிச்சம்னு பள்ளத்தில் இறங்கினால் அந்தக் காசு ஹீட்டர் கரண்ட்டுக்குப் போயிரும்.

இப்போ துணி. அது உடம்புச் சூட்டை எவ்வளவு பிடிச்சு வைக்கும்னு அளக்க 'க்ளோ' என்று ஒரு கணக்கு உண்டு. மெல்லிய பேன்ட், அரைக்கைச் சட்டை சுமார் 0.5 க்ளோ. அதோட சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு 25, 26 டிகிரி இதமாக இருக்கும். அதுக்குக் கீழே இறங்குகிற ஒவ்வொரு 6 டிகிரிக்கும் ஏறத்தாழ 1 க்ளோ கூட்டணும். தெர்மல் (உள்ளே உடம்பை ஒட்டிப் போடும் குளிர் உள்ளாடை) மேலும் கீழும் சேர்த்து 0.35, தடி முழுக்கை ஸ்வெட்டர் 0.36, ஜெர்கின் 0.4-ஐ ஒட்டி. எல்லாத்தையும் போட்டால் 1.6 வரும், உட்கார்ந்தபடி 19 வரை தாங்கும். ஹீட்டர் இல்லாத வீட்டில் காலையில் 13, 14 இருக்கும். மீதியைக் குல்லா, ரெண்டு சாக்ஸ், மடியில் ஒரு கம்பளி வெச்சுத்தான் சரிக்கட்டணும். மதுரை உடம்பு பழகும் வரை இன்னும் கொஞ்சம் கூடவே கேட்கும்.

ஆனால் எழுந்து நடந்தால் கணக்கே மாறிடும். மேட்டில் ஏறும்போது உடம்பு உட்கார்ந்திருப்பதைப் போல மூணு மடங்குக்கு மேல சூடு உண்டாக்கும். தடி ஜெர்கின் ஒண்ணை மட்டும் நம்பி வந்தவர் பத்து நிமிஷத்தில் வேர்த்து நனைவார், நின்னதும் அந்த ஈரமே நடுக்கத்தைக் கொண்டுவரும். அதனால மெல்லிசா மூணு அடுக்கு. ஜிப் வெச்சதா வாங்குங்க, தலைவழியாகப் போடுவது வேண்டாம். வேர்க்கிறதுக்கு முன்னாடியே ஜிப்பை இறக்கணும், வேர்த்த பிறகு இறக்கிப் பிரயோஜனமில்லை.

11 மணி வெயிலில் நிழலைத் தாண்டினால் பங்குனி மாசம் மாதிரி சுடும். 2,240 மீட்டர் உயரம், புறஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கூடுதல். குளிர் ஊர்தானேன்னு தொப்பியில்லாமல் சுத்தினால் மூக்கு உரியும்.

ஏரிச்சாலை:
கொடைக்கானலிலிருந்து ஒரு சேர்க்கை. தெர்மல் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். கடைகளில் தெர்மல் என்ற பெயரில் கிடைப்பதில் பாதி தடித்த பருத்தி பனியன்தான். வீட்டில் சும்மா இருக்க அது நல்லது, உறுத்தாது. நடை, பைக் என்றால் வேண்டாம், பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் குடிக்காது, சீக்கிரம் காயும், இரண்டே நாளில் நாற்றமடிக்கும். கம்பளி நூல் ஈரத்தை உள்ளே வாங்கியும் சூடாக இருக்கும், விலைதான் கடிக்கும். ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கினால் உள்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். பின்னலுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காற்று நுழையும். அதற்கு மேல் ஒரு விண்ட்சீட்டர் (காற்றுப் புகாத மெல்லிய மேல்சட்டை) கட்டாயம்.

துவைத்தால் முறுக்கிப் பிழியாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும்.

நாடிப்பிடி:
அம்மாவுக்கும் குழந்தைக்கும் மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறைய வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த வழிகாட்டுதல். வயதானவர்களுக்கு அதற்கும் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. அவர்களுக்குக் குளிர் தாமதமாகத்தான் உறைக்கும், நடுக்கமும் குறைவு. 'எனக்குக் குளிரலையே' என்று அம்மா சொல்வதை நம்பாமல் 300 ரூபாய்க்குள் ஒரு அறை வெப்பமானி வாங்கிக் கட்டிலருகே மாட்டுங்கள். வீடு முழுக்க 18 கொண்டுவர முடியாது. அவர் இருக்கும் ஒரு அறையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். படுப்பதற்கு அரை மணி முன்பு வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி மெத்தைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பை சுட்டதே தெரியாது.

பையனின் கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே வேர்வை பிசுபிசுத்தால் ஒரு அடுக்கைக் கழற்றணும், சில்லென்றிருந்தால் ஒன்று போடணும். போர்வையை உதைக்கிற பிள்ளைக்கு இன்னொரு போர்வை எதற்கு? காலுறை சேர்த்துத் தைத்த முழு உடுப்பு வாங்குங்கள்.

இனி முக்கியமானது. சட்டியில் கரித்தணல் போட்டுப் படுக்கையறையில் வைக்காதீர்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அடைத்த குளியலறையில் கேஸ் கீசர் வைத்தாலும் இதே ஆபத்துதான்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மேட்டு வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்துடறோம். ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கலாமா? பைக் பத்தியும் யாராவது சொல்லுங்க.

கேத்திக்காரர்:
பாக்ஸ் வேண்டவே வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கு உருகும். 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கான்னு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே பாருங்க. எண்ணெய் நிரப்பின ரேடியேட்டர் சூடாக நேரம் பிடிக்கும், ஆனால் அணைச்ச பிறகும் சூடு நிக்கும். ஹாலஜன் ஹீட்டர் நேரே பார்த்த பக்கம் மட்டும் சுடும்.

பைக்குக்கு: 10 டிகிரியில் 40 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு 6 டிகிரி மாதிரி இருக்கும், 5 டிகிரின்னா பூஜ்யத்துக்குக் கீழே. அடி வாங்குவது விரல், முழங்கால், கழுத்து. காத்துப் புகாத கையுறை, ஜெர்கின் காலருக்குள் சொருகின மப்ளர், பேன்ட்டுக்கு மேல் ரெயின்கோட் பேன்ட். ஜெர்கின் லேசாக இருந்தால் நெஞ்சுப் பக்கம் ரெண்டு தாள் தினத்தாளை மடிச்சு வெச்சுக்குங்க, காத்தைத் தடுக்க அது போதும். ஆபீஸ் போனதும் உருவிப் போட்டுடலாம். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிஞ்சால் ஒரு விரல் அளவு திறந்து வைங்க.

ஜூன் வந்ததும் வேறே தலைவலி. துணி மூணு நாளானாலும் காயாது, பீரோவில் லெதர் ஷூ பூஞ்சை பூக்கும். பீரோவுக்குள் 15 வாட் குண்டு பல்பு ஒண்ணு மாட்டி, துணி அதில் படாமல் ஒரு சாண் தள்ளி வைங்க.