முதுகு எரியுது என்று அப்பத்தா சொன்ன தேதி

குழு: அப்பத்தா விழுதுகள்
2025 மார்ச் 2, ஞாயிறு

செல்வி (திண்டுக்கல்), காலை 6:20
ராத்திரி காய்ச்சல் இல்லை. டாக்டர் 8 மணிக்கு வருவாராம். நேற்று புண்ணைச் சுத்தம் செய்தபோது அம்மா கத்தவே இல்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பால் அடுப்புல இருக்கு, பொங்கிரப் போகுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முருகேசன் (மஸ்கட்), 6:34
அக்கா, அந்த முதியோர் இல்லத்து ஆள் திரும்பக் கூப்பிட்டானா?

செல்வி, 6:36
அண்ணனைத்தான் கூப்பிட்டார். முன்பணம் ஒரு லட்சத்தைத் திருப்பித் தந்து, மேலே ஐம்பதாயிரம் தருகிறாராம். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அண்ணன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வயசானவர்களுக்குப் படுக்கைப்புண் சகஜம் என்று வேறு சொன்னாராம்.

முருகேசன், 6:37
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா (வக்கீல்), 6:41
நீக்கினது நல்லது சின்ன மாமா. ஃபேஸ்புக், கூகுள் ரிவ்யூ எதிலும் ஒன்றும் போடாதீங்க. நாம் புகார் கொடுப்பதற்கு முன் அவர்கள் மானநஷ்டம் என்று கிளம்பிவிடுவார்கள்.

பெரிய மாமா, அந்தத் தாளில் கை வைக்காதீங்க. ஆஸ்பத்திரிச் செலவே நேற்று வரை 1,86,000. கையெழுத்துப் போட்டுவிட்டால், நாம் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

ராஜாமணி, 7:02
போடவில்லை அம்மா. ஆனால் கேஸ் வேண்டுமா என்றுதான் யோசனையாக இருக்கிறது. கொண்டுபோய் விட்டது நாம்தானே. வாசல் வரை சக்கர நாற்காலியைத் தள்ளிப் போனவன் நான். அந்த ஆளும் அதையேதான் சொல்கிறார். "தள்ளிவிட்டுப் போனது நீங்க, கேஸ் வந்தா உங்க மேலதான் வரும், அதுக்கே சட்டம் இருக்கு" என்றார்.

கவிதா, 7:10
சட்டம் இருப்பது உண்மைதான். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம், 24-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது அடியோடு கைகழுவும் எண்ணத்தோடு விட்டுவிட்டுப் போனவர்களுக்கு. நீங்கள் ஆறு மாதமாக மாசம் 22,000 கட்டியிருக்கிறீர்கள். வாரா வாரம் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அவர் உங்களைப் பயமுறுத்திப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

நித்யா (சென்னை), 7:15
அத்தை, அப்பத்தாவைக் கடைசியாக எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள்?

செல்வி, 7:16
5 மணிக்கு நர்ஸ் வந்து திருப்பினார்.

நித்யா, 7:18
7:15 ஆகிவிட்டது. மணி அடித்துக் கூப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏர் பெட் இருந்தாலும்.

செல்வி, 7:27
திருப்பியாச்சு. இடது பக்கம்.

நித்யா, 7:35
"சகஜம்" என்று அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன் பெரியப்பா. 84 வயது, சர்க்கரை, இடுப்பு எலும்பு முறிந்து படுத்த உடம்பு. புண் வர வாய்ப்பு அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் தினமும் முதுகையும் குதிகாலையும் துணி விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது. முதலில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு போகாது. அது முதல் நிலை. அப்போதே பாரத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்பத்தாவுக்கு இருப்பது மூன்றாம் நிலை, தோல் போய் உள்ளே கொழுப்பு தெரிகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் படாமல் இந்த அளவுக்கு வராது.

அத்தை, டாக்டர் வந்ததும் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். புண்ணின் நீளம், அகலம், ஆழம் எத்தனை செ.மீ. என்று கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். "இங்கே சேர்க்கும்போதே புண் இருந்தது" என்ற வரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு, ஆஸ்பத்திரியில்தான் வந்தது என்பார்கள்.

கவிதா, 7:38
இதைத்தான் நானும் எழுத வந்தேன். மருத்துவப் பதிவுகளின் நகலும் எழுத்தில் கேளுங்க அம்மா. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது.

பிரபு (பெங்களூரு), 8:50
இப்போதுதான் எழுந்தேன். 21-ஆம் தேதி சாயங்காலம் அப்பத்தாவின் துணிமணியை எடுக்க இல்லத்துக்குப் போனேன் இல்லையா? கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கியது. நோயாளியைத் திருப்பிய நேரம் எழுதும் அட்டை. சும்மா ஒரு போட்டோ எடுத்து வைத்தேன்.
(படம்)
இதைப் பார்த்தால் சரியாகத்தான் திருப்பியிருக்கிறார்கள் போல. எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. இது நமக்கு எதிராகப் போகுமா?

நித்யா, 8:58
படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் அண்ணா. பதினைந்து நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று ஆள் மாறியதற்கு அடையாளமே இல்லை. எங்கள் வார்டில் இப்படி ஒரு சார்ட்டைக் கொடுத்தால் மேட்ரன் கிழித்துப் போடுவார்.

நித்யா, 9:01
கடைசி வரிசையைப் பாருங்கள். 21-ஆம் தேதி மாலை 4, 6, இரவு 8. மூன்றிலும் டிக்.

பிரபு, 9:02
நான் அங்கே போனதே 5 மணிக்கு. 6-க்கும் 8-க்கும் அப்போதே டிக் போட்டாச்சா?

செல்வி, 9:03
அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றியது மத்தியானம்.

பிரபு, 9:05
நேரம் நினைவிருக்கா அத்தை?

செல்வி, 9:06
எனக்கு எங்கே நினைவிருக்கு. இந்தக் குழுவில்தான் போட்டேன்.

பிரபு, 9:11
தேடி எடுத்துவிட்டேன். பிப்ரவரி 21, மதியம் 2:40. "ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சு, எல்லாரும் சாமி கும்பிடுங்க."

முருகேசன், 9:12
காலிக் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறான்.

கவிதா, 9:15
பிரபு, அந்தப் படம் உன் போனிலேயே இருக்கட்டும். வெட்டாதே, எடிட் பண்ணாதே, இந்த வருஷம் போனையும் மாற்றாதே. மின்னணுச் சாட்சிக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கெடுபிடி கிடையாது, இருந்தாலும் ஒழுங்காகக் கொடுத்துவிடுவோம். எல்லாரும் இந்தக் குழுவை ஆவணி மாதம் வரை மேலே ஏற்றிப் பாருங்கள். அம்மாச்சி என்ன சொன்னார், யார் என்ன பார்த்தோம், எல்லாம் தேதியோடு வேண்டும்.

நித்யா, 9:40
பொங்கல் அன்று வீடியோ காலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கையில் கரும்புத் துண்டு. ஜனவரி 26-இல் படுத்தபடியே பேசுகிறார்.

பிரபு, 9:52
பிப்ரவரி 9. அத்தை போட்டது: "அம்மா முதுகு எரியுது எரியுதுங்கிறாங்க, யாராவது கேளுங்க."
அதற்குக் கீழே நான் ஒரு கும்பிடு ஸ்டிக்கர் போட்டிருக்கிறேன். சித்தப்பா ஏதோ கிரிக்கெட் வீடியோ.

ராஜாமணி, 9:58
அதற்கு அடுத்து நான் எழுதினது இருக்கும். அது கோர்ட்டுக்குப் போகுமா கவிதா?

கவிதா, 10:01
என்ன எழுதினீங்க மாமா?

ராஜாமணி, 10:04
"வயசானா அப்படித்தான் இருக்கும். தைலம் தேய்க்கச் சொல்கிறேன்."

(பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

கவிதா, 10:14
போகும் மாமா. நடுவில் ஒன்றை மட்டும் உருவ முடியாது. கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். சரி, அன்றைக்கு நீங்கள் இல்லத்துக்குப் பேசினீர்களா?

ராஜாமணி, 10:16
உடனே பேசினேன். மேலாளர் எடுக்கவில்லை. அப்புறம் அவரே வாய்ஸ் அனுப்பினார்.

கவிதா, 10:16
அது இருக்கா?

ராஜாமணி, 10:21
(குரல் பதிவு, 0:11)
"சார், ஒண்ணுமில்ல சார், வேர்க்குருதான். பவுடர் போட்டிருக்கோம். நீங்க நிம்மதியா இருங்க."

செல்வி, 10:23
தை மாசப் பனியில் வேர்க்குருவா?

நித்யா, 10:24
துணியை விலக்கிப் பார்த்தால்தான் பவுடர் போட முடியும் அத்தை. பார்த்திருக்கிறார்கள்.

கவிதா, 10:33
பெரிய மாமா, நீங்கள் எதை மறைக்கலாம் என்று நினைத்தீர்களோ அதுதான் நம்முடைய முதல் சாட்சி. 2019 நுகர்வோர் சட்டத்தில் "சேவைக் குறைபாடு" என்றால் என்ன என்று 2(11)-ஆவது பிரிவு சொல்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு ஆளுக்குப் பாதிப்பு வந்தால் அதுவும் குறைபாடு. தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே சொல்லாமல் மறைத்தாலும் குறைபாடு. எரியுது என்று மகன் கேட்கிறார், வேர்க்குரு என்கிறார்கள், 12 நாள் கழித்து ஆம்புலன்ஸ். உங்கள் வரியும் அவர் குரலும் சேர்ந்தால்தான் கதை முழுசாகும்.

ராஜாமணி, 10:40
சரி அம்மா. ஆனால் பணம் கட்டியது நான். அடிபட்டது அம்மா. யார் பேரில் போடுவது?

கவிதா, 10:46
இரண்டு பேர் பேரிலும் போடலாம். காசு கொடுத்தவர் மட்டுமில்லை, அந்தச் சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். இதுவே காசு வாங்காத தர்ம இல்லமாக இருந்திருந்தால் இந்த வழி கிடையாது.

முருகேசன், 10:48
எத்தனை லட்சம் கட்டணும்? வக்கீல் செலவு வேற. நான் அனுப்புகிறேன், கவலை வேண்டாம்.

கவிதா, 10:57
மாமா, கட்டணமே இல்லை. நாம் கேட்கிற இழப்பீட்டை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, இல்லத்துக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். ஒரு லட்சம் முன்பணம், ஆறு மாதம் 22,000, மொத்தம் 2,32,000. ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் பூஜ்யம், மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். வக்கீல் இல்லாமல் நாமே பேசவும் முடியும். ஆனால் நான் ஆஜராக மாட்டேன். இந்தக் குழுவில் இருப்பதால் நானே சாட்சி ஆக நேரிடலாம், சாட்சி வக்கீலாக நிற்கக் கூடாது. என் சீனியர் பார்த்துக்கொள்வார்.

பிரபு, 10:59
நான் பெங்களூரில் போடலாமா?

கவிதா, 11:01
புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் போடலாம் என்று சட்டம் விடுகிறது. புகார்தாரர் உங்க அப்பா, அவர் இருப்பது மதுரை. நீ சாட்சி, சாட்சியாகவே இரு.

முருகேசன், 11:08
போலீஸ்? உள்ளே தள்ளினால்தான் எனக்கு ஆறும்.

கவிதா, 11:20
அதில்தான் யோசிக்கிறேன் மாமா. உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்து கொடுங்காயம் வந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் மூன்று வருஷம் வரை இருக்கிறது. புகார் கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கலாம். ஆனால் ஸ்டேஷனில் முதலில் யாரை உட்கார வைப்பார்கள்? உரிமையாளரையா, ராத்திரி ஷிப்ட் ஆயாவையா?

செல்வி, 11:26
அந்தப் பிள்ளை பாவம். ராத்திரி 14 கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். அம்மாவுக்குத் தலை பின்னி விட்டவளும் அவள்தான். ஒரு தடவை என்னிடம், "அம்மா, ரெண்டு பேர் இருந்தா தூக்கித் திருப்புவேன், ஒத்தையா எப்படித் தூக்குறது" என்றாள். எனக்கு அப்போது அதன் அர்த்தம் உறைக்கவில்லை.

கவிதா, 11:31
அதையும் தேதியோடு எழுதி வையுங்க அம்மா. நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்பு நிர்வாகம். வேலைக்காரர் விட்ட குறைக்கு முதலாளி பொறுப்பு. 14 பேருக்கு ஒரு ஆள் என்று முடிவு செய்தது அவர்தானே. போலீஸ் புகாரைப் பிறகு பார்ப்போம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முருகேசன், 11:33
எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சரி.

ராஜாமணி, 11:45
சேர்க்கும்போது ஒரு படிவத்தில் "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கினார்களே?

கவிதா, 11:50
அப்படி எழுதி வாங்கிவிட்டால் கவனிக்காமல் விடலாம் என்று ஆகிவிடாது. அவர்கள் வாதத்தில் அது வரும், வரட்டும். நிபுணர் சாட்சி எங்கே என்றும் கேட்பார்கள். மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த ஒரு வழக்கில், எல்லாக் கேஸுக்கும் நிபுணர் தேவையில்லை, தவறு தானாகவே தெரிகிற கேஸும் உண்டு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நாம் பிளாஸ்டிக் சர்ஜனிடம் எழுத்தில் வாங்கிவிடுவோம். கெடு இரண்டு வருடம். அவ்வளவு நாள் எடுக்கக் கூடாது, அடுத்த வாரமே நோட்டீஸ்.

செல்வி, 11:58
கவி, இல்லத்தில் அந்த எதிர்க்கட்டில் ஆச்சி? மகன் வெளிநாட்டில் என்றார்கள். அவருக்கும் குதிகாலில் கட்டு இருந்தது, நான் பார்த்தேன்.

கவிதா, 12:06
நம் கேஸ் முடியும் வரை அவரால் காத்திருக்க முடியாது. 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, ஞாயிறும் எடுப்பார்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்க அம்மா, ஊகம் வேண்டாம். நாளைக்கு மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுப்போம், நேரில் போய் ஆய்வு செய்யச் சொல்லி.

செல்வி, 12:31
பேசிவிட்டேன். பேர், இடம், கட்டில் எந்தப் பக்கம் என்பது வரை பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். 7 செ.மீ. நீளம், 5 அகலம், 2 ஆழம். சேர்க்கும்போதே இருந்தது என்ற வரியும் இருக்கிறது. படம் அனுப்புகிறேன்.
(படம்)

நித்யா, 12:33
11:30-க்குத் திருப்பினீர்களா அத்தை?

செல்வி, 12:34
திருப்பினோம். வலது பக்கம். எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போச்சு.

ராஜாமணி, 12:41
நான் கிளம்பி வருகிறேன் செல்வி. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. 1:30 நான். 3:30 நான். 5:30 நான். பிரபு ராத்திரி பஸ்ஸில் வருகிறான். ஒவ்வொரு தடவையும் திருப்பினதும் இங்கேயே எழுதுகிறேன்.

ராஜாமணி, மதியம் 1:34
இடது பக்கம். பால் பொங்கிவிட்டதா என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னேன்.