மறு: தெர்மல் ஷொக் சோதனைப் பெட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘வெப்ப அதிர்ச்சி அறை’ என்றே வைப்பம். புழக்கத்தில் உள்ள சொல்தானே.

வணக்கம் அண்ணை. புழக்கத்தில் இருக்கிறது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ. கிளிநொச்சியில் எங்கட பயிற்சிப் பெடியளுக்கு, பொருளைச் சூட்டுக்கும் குளிருக்கும் சட்டென்று மாற்றி, தாங்குமோ என்று பார்க்கிற இந்தப் பெட்டியை எப்படித் தெரிவது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். “சேர், இதில கரண்ட் அடிக்குமோ?” என்றான் ஒருத்தன். மற்றவன் ‘வெப்பம்’ என்றதைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு சூடேறும் என்று மட்டும் பார்த்து, ஒற்றை அறைப் பெட்டி ஒன்றின் விவரத்தோடு வந்து நின்றான். அவனைப் பிழை சொல்ல ஏலாது.

அரிக்கன் லாம்பு கொளுத்தின ஆக்களுக்கு விசயம் உடனே பிடிபடும். சிமினி மணிக்கணக்காய்ச் சுட்டுக்கொண்டு நிற்கும், ஒன்றும் ஆகாது. கூரை ஒழுக்கில் ஒரு துளி பட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கீறல் கீழ்வரை ஓடிவிடும். துளி பட்ட இடம் சட்டென்று சுருங்கப் பார்க்கும்; சுற்றியுள்ள கண்ணாடி இன்னும் சூட்டில் விரிந்தபடி இருப்பதால் விடாது. அந்த இழுவையில்தான் வெடிக்கிறது. மின்சாரம் இல்லாத அந்த வருசங்களில் வன்னியில் சிமினி போனால், பிறகு ஜாம் போத்தல் விளக்குத்தான்.

மின்சுற்றுப் பலகையிலும் இதே கதை. ஒரு பாகை சூடேறினால் சிப்பில் உள்ள சிலிக்கன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு நீளும், செம்பு 17 பங்கு. இடையில் அகப்பட்டு முறிவது, பாகங்களைப் பலகையில் ஒட்டுகிற பற்றாசு (சோல்டர்).

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் (ஐ.ஈ.சி.) 60068-2-14 நியமம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. குறித்த நேரத்துக்குள் பொருளைச் சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றுவது என்.ஏ. குறித்த வேகத்தில் வெப்பநிலையை ஏற்றி இறக்குவது என்.பி.; ஒற்றை அறை அதற்குப் போதும், பெடியன் கொண்டுவந்ததும் அதுதான். இரண்டு திரவத் தொட்டிகளில் மாறி மாறி அமிழ்த்துவது என்.சி.

எங்களுக்கு வேண்டியது என்.ஏ. அதற்குள்ளும் இரண்டு சாதி. ஒன்றில் கூடை சூட்டறைக்கும் குளிரறைக்கும் போய்வரும். மற்றது மூவறை: பொருள் நடு அறையில் அசையாமல் இருக்கும், காற்றுத்தான் மாறி மாறி வரும். வயர் பூட்டி, வேலை செய்யவிட்டபடி சோதிக்க மூவறைதான் லேசு. விற்கிறவர் வெறும் கூடைக்குச் சொல்லும் மீள்நேரத்தை, அதாவது மாற்றின பிறகு குறித்த வெப்பநிலைக்குத் திரும்ப எடுக்கிற நேரத்தை, மட்டும் நம்பாதேங்கோ. பலகைகளை அடுக்கின பிறகு திரும்பவும் அந்தக் குளிருக்கு வர எத்தனை நிமிடம் என்று கேளுங்கோ.

சரி, சொல்லுக்கு வாறேன். ‘சடுதி’ போட ஆசைதான், ஆனால் ‘சடுதிமாற்றம்’ உயிரியல்காரரிடம் போய்விட்டது. என் தெரிவு: வெப்பத்திடுக்கு. வெளிக்கூட்டுக்குப் ‘பெட்டி’, உள்ளே உள்ளவைக்கு ‘அறை’. ‘மூவறை வெப்பத்திடுக்குப் பெட்டி’ என்றால் ஒருத்தரும் குழம்பார்.

---

> வெப்பத்திடுக்கு

தம்பி, திடுக்கிடுகிறது மனிசர். கண்ணாடி திடுக்கிடுமோ?

---

அதிர்ச்சியும் மனிசருக்குத்தானே அண்ணை வாறது.

---

அது சரிதான். பெட்டி–அறை பிரிப்புக்கு நான் சம்மதம். திடுக்கைப் பெடியளிட்டைச் சொல்லிப் பாரும். திரும்பவும் கரண்ட் அடிக்குமோ என்று கேட்டால் எழுதும்.