கிளியர் கேஷ், கிளியர் டேட்டா: எதை அழுத்தினால் எது போகும்?

செந்தூல்வாசி:
அம்மாவின் ஆண்ட்ராய்ட் கைப்பேசியில் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டதாம். செட்டிங்ஸில் கிளியர் கேஷ், கிளியர் டேட்டா, அன்இன்ஸ்டால் என்று மூன்று இருக்கின்றன. வாட்ஸ்அப் பேச்சு, பேங்க் ஆப், இ-வாலட் காசு எதற்கும் சேதம் வராமல் எதை அழுத்தலாம்? மெனுவைத் தமிழுக்கு மாற்றிவிடலாமா?

பட்டர்வொர்த்_பையன்:
கிளியர் கேஷ் மட்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ், பிறகு அந்த ஆப், ஸ்டோரேஜ், கிளியர் கேஷ். ஆப் வேகமாகத் திறக்க எடுத்துவைத்த தற்காலிகக் கோப்புகள்தான் அவை. அழித்தாலும் தானாகவே மறுபடி சேரும். அதனால் கிடைக்கும் இடம் நிலைக்காது.

கிளியர் டேட்டா வேறு ரகம். சில போன்களில் கிளியர் ஸ்டோரேஜ் என்றிருக்கும். ஆப் புதிதாக இறக்கியதுபோல ஆகிவிடும், லாக்-இன்னும் போய்விடும். வாட்ஸ்அப்பில் கூகுள் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடவே வேண்டாம். இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் வம்பு.

ஜார்ஜ்டவுன்_மணி:
டச் அன் கோ இ-வாலட் காசு போனுக்குள் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. ஆப்பை அழித்தாலும் அதே எண்ணில் நுழைந்தால் இருக்கும். பேங்க் ஆப்தான் தலைவலி: டேட்டாவை அழித்தால் போனை மறுபடி பதிய வேண்டிவரும். 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த விதிப்படி, புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரம் உண்டு. அதுவரை பணம் அனுப்ப முடியாமல் போகலாம். வாடகை கட்டும் நாளில் வேண்டாம் லா.

கேஎல்_கணினி:
இடத்தை அடைப்பது பெரும்பாலும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை ஃபார்வர்ட் ஆனவையும் தனித்தனியாக நிற்கும். அங்கே அழிப்பதுதான் உண்மையான லாபம்.

கூகுள் ஃபோட்டோஸில் மட்டும் கவனம். ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பது பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். டெலீட் கொடுத்தால் கிளவுடிலிருந்தும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.

மெனுவை ஆங்கிலத்திலேயே விடுங்கள். கடைக்காரரும் பேங்க் உதவி எண்ணில் பேசுபவரும் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் என்றோ மலாயில் தெத்தாப்பான், ஸ்தோரான் என்றோதான் சொல்வார்கள். தமிழ் மெனுவில் அம்மா அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்: செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஃபான்ட் சைஸ்.