கரண்ட் போனா ஃபெடிவர்ஸ் போஸ்ட் தொலைஞ்சிடுமா?

தேயிலைக்காட்டான்:
கோத்தகிரில வீட்லயே ராஸ்பெர்ரி பை (குட்டி கம்ப்யூட்டர்) வச்சு ஆக்டிவிட்டிபப்ல (ஃபெடிவர்ஸ்ங்கற சோஷியல் மீடியா வலைல தனித்தனி சர்வர்லாம் ஒன்னோட ஒன்னு பேசிக்கிற முறை) சின்னதா ஒரு சர்வர் எழுதிட்டு இருக்கேன், இங்க மழை புடிச்சா மரம் விழுந்து கரண்ட் போயிடும், அந்த நேரத்துல மாஸ்டடான்ங்கற ஃபெடிவர்ஸ் சாஃப்ட்வேர் ஓடுற சர்வர்ல இருந்து வர்ற போஸ்ட்லாம் தொலைஞ்சிடுமா?

குன்னூர்வாசி:
சில மணி நேரம்னா தொலையாதுங்க. உங்க இன்பாக்ஸ் (மத்த சர்வர் போஸ்ட் அனுப்புற முகவரி) எடுக்கலைன்னா அனுப்புற சர்வர் க்யூல வச்சு, இடைவெளிய கூட்டிக்கிட்டே திரும்ப ட்ரை பண்ணும். 7 நாள் ஃபெயில் ஆனா மாஸ்டடான் உங்க சர்வருக்கு அனுப்புறதையே நிறுத்திடும்.

ஊட்டிமேல:
எனக்கு கடிகாரம்தான் பெரிய கவலை. ராஸ்பெர்ரி பைல ஆர்டிசி பேட்டரி (கரண்ட் இல்லாதப்பவும் கடிகாரத்த ஓட வைக்கிறது) இல்லன்னா பூட் ஆனதும் பழைய நேரம் காட்டும், நீங்க அனுப்புறதுல இருக்கற ஹெச்டிடிபி சிக்னேச்சர்ல (அனுப்புறது நீங்கதான்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து) டேட் தப்பாப் போயி மத்த சர்வர்லாம் 401 (அனுமதி இல்லங்கற எரர்) குடுக்கும். என்டிபி (நெட்ல இருந்து சரியான நேரம் எடுக்கறது) சிங்க் ஆனப்புறம் சர்வர ஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் ரீட்ரைல ஒரே ஆக்டிவிட்டி (போஸ்ட், லைக் மாதிரி வர்ற மெசேஜ்) ரெண்டு தடவ வரலாம், டேட்டாபேஸ்ல அதோட ஐடிக்கு யூனிக் போட்டுடுங்க, அப்பதான் ஒரே ஐடி ரெண்டு தடவ சேவ் ஆகாது.

தேயிலைக்காட்டான்:
ரொம்ப நன்றிங்கண்ணா, டேட் விஷயம் யோசிக்கவே இல்ல, இன்னைக்கே மாத்திடறேன்.